தட்டணுவின் நுண்குழல் வளையம்: ஆய்வுக்கூட நாட்குறிப்பு

மார்ச் 3
தட்டணு ரத்தம் உறைய உதவும் சிறு அணு. அதன் விளிம்பை ஒட்டி, டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள் வளையமாகச் சுற்றி, தட்டு வடிவத்தைத் தாங்குகின்றன. அந்த டியூபுலினில் ஏறும் வேதி அடையாளங்களைப் பார்ப்பதே வேலை. ரத்தம் எடுக்கும்போதே பாதி முடிவு தீர்மானமாகிவிடுகிறது. 21 கேஜ் ஊசி, கைக்கட்டு தளர்வாக. முதல் 2–3 மில்லி வேண்டாம். ஊசி கிழித்த திசுவின் பொருள்கள் அதில் கலந்து தட்டணுக்களைத் தூண்டிவிடும். உறையாமல் தடுக்க, 3.2% சோடியம் சிட்ரேட் 1 பங்குக்கு ரத்தம் 9 பங்கு. மையவிலக்கியில் 200 ஜி (புவியீர்ப்பைப் போல் 200 மடங்கு), 15 நிமிடம், பிரேக் இல்லாமல். தட்டணுக்கள் மிதக்கும், மேலே நிற்கும் மஞ்சள் திரவத்தில் முக்கால் பங்கு போதும். அடிவரை உறிஞ்சினால் வெள்ளணுக்களும் வரும், அவற்றின் டியூபுலினும் கணக்கில் சேரும்.

ஐஸ் வேண்டவே வேண்டாம். 4 டிகிரியில் விளிம்பு வளையம் கரைந்து, தட்டு உருண்டையாகிவிடும்.

மார்ச் 4
கழுவுதல். அமில சிட்ரேட் சேர்த்து பிஎச் 6.5, கூடவே தட்டணு தூண்டப்படாமல் தடுக்கும் புரோஸ்டாசைக்ளின். 1000 ஜி, 10 நிமிடம். படிவை டைரோடு என்ற உப்புக் கரைசலில் மெதுவாகக் கலைத்து, மில்லிக்கு 20 கோடி தட்டணு என்று வைக்கலாம். பிறகு 37 டிகிரியில் 30 நிமிடம் ஓய்வு. பிஎச் 7.4-இல் புரோஸ்டாசைக்ளின் சில நிமிடங்களில் சிதையும்; ஆனால் அது தட்டணுவுக்குள் ஏற்றிவிட்ட தடை அடங்க நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால், தட்டணுவைத் தூண்டும் நொதியான திராம்பினுக்கு மந்தமாகத்தான் பதில் வரும்.

கண்ணாடியே தட்டணுவைத் தூண்டும். ஆகவே 37 டிகிரி ஃபார்மால்டிஹைடில் மிதந்த நிலையிலேயே நிலைப்படுத்திவிட்டு, அப்புறம் ஒட்டவைக்கும் பாலிலைசின் பூசிய கண்ணாடி வில்லையில் படியவிட வேண்டும்.

மார்ச் 9
அசிட்டைல் ஏற்றம், அதாவது டியூபுலினில் அசிட்டைல் என்ற சிறு வேதித்தொகுதி ஒட்டுவது. குழல் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு டியூபுலின்களால் ஆனது; ஏற்றம் ஆல்ஃபாவின் 40-ஆவது அமினோ அமிலமான லைசினில், குழலின் உட்புறத்தில் நடக்கிறது. 6-11பி-1 என்ற எதிர்ப்பொருள் அந்த அடையாளத்தைப் பிடிக்கும். மில்லிக்கு 0.1 யூனிட் திராம்பின் கொடுத்ததும் வளையம் சுருங்கிச் சுருள, அசிட்டைல் அளவு இறங்கி, பின்னர் ஏறுகிறது. அகற்றுவது எச்டிஏசி6 என்ற நொதி. ஏற்றும் நொதி கட்டப்பட்ட குழலில்தான் நன்றாக வேலை செய்யும், மெதுவான நொதி. அதனால் நெடுநாள் நிற்கும் குழலில் அடையாளம் சேர்ந்துகொண்டே போகும்.

எனவே 'அசிட்டைல் இருக்கிறது, ஆகவே குழல் உறுதி' என்ற வாதம் காரணத்தையும் விளைவையும் குழப்புகிறது. வளைத்தால் முறியாத தாங்குதிறனை அது தருகிறது என்பது வேறு செய்தி. புரதங்களை ஜெல்லில் ஓட்டி, சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்பொருளால் பார்க்கும்போது அசிட்டைல் பட்டை மங்கியது நொதி அகற்றியதாலா, வளையமே கரைந்ததாலா? விடை வேண்டுமானால் குழலைக் கரையாமல் காக்கும் டாக்சால் கலந்த வெதுவெதுப்பான கரைசலில் தட்டணுக்களை உடைத்து, சுழற்றி, குழலாக இருப்பதையும் கரைந்ததையும் தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். உடைக்கும் கரைசலில் டிரைக்கோஸ்டாட்டின் ஏ, நிகோடினமைடு இரண்டும் அவசியம். முன்னது எச்டிஏசி6-ஐயும் பின்னது அசிட்டைலை அகற்றும் இன்னொரு நொதியான சிர்ட்2-ஐயும் அடக்கும். இல்லாவிட்டால் உடைந்த பிறகும் அகற்றல் தொடரும்.

மார்ச் 12
குளூட்டமேட் வால், அதாவது டியூபுலினில் கிளையாகச் சேரும் குளூட்டமேட் அமினோ அமிலச் சங்கிலி. தட்டணுவில் பீட்டா டியூபுலினின் முதன்மை வடிவம் பீட்டா1. அதன் மரபணு கெட்டால் எண்ணிக்கை குறைந்து, அளவு பெருத்த தட்டணுக்கள் பிறக்கின்றன. ஜிடி335 எதிர்ப்பொருள் வால் கிளைக்கும் இடத்தைக் காட்டும், ஆனால் ஆல்ஃபாவா பீட்டாவா என்று சொல்லாது. 10% ஜெல்லில் இரண்டும் 50 கிலோடால்டன் அருகே ஒட்டியே ஓடும். அதே சவ்வைக் கழுவி, பீட்டா1 எதிர்ப்பொருளால் மறுபடி பார்த்த பிறகே எதன் வால் என்று எழுதலாம்.