தரையில் சொட்டாத கசிவு

அப்பா 2009-இல் வாங்கிய 135 சிசி கப்சாய் மோட்டார் சைக்கிள் இது. செம்பனைத் தோட்டத்துக்கு விடிகாலையில் இதில்தான் போய்வந்தார். இப்போது நான் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்கு ஓட்டுகிறேன். போக 30 கிலோமீட்டர், வர 30. இந்த மோட்டாரை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. அதனால்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைகிறது என்றதும் மனசு கேட்கவில்லை.

ரிசர்வ் டப்பாவில் மேல்கோட்டில் இருந்தது, மூன்று வாரத்தில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. நிறுத்துகிற இடத்தில் அட்டை விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. சூடான இன்ஜின் மேல் கசிந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், பச்சைப் பொருக்கு மட்டும்தான் மிஞ்சும். அதனால் தரையைப் பார்த்துப் பயனில்லை.

டப்பாவில் குறைவது ஒரு வகையில் நல்ல சேதி. சூட்டில் விரியும் கூலண்ட் ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு டப்பாவுக்குப் போகும், ஆறினதும் திரும்ப உள்ளே இழுபடும். உள்ளே குறைந்த அளவை டப்பாதான் ஈடு கட்டியிருக்கிறது. ஆக, மூடி தன் வேலையைச் செய்கிறது. அளவை மட்டும் எப்போதும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும்.

முதல் ஞாயிறு ஹோஸ்களைப் பார்த்தேன். காலை ஆறரைக்கு, மோட்டாரைக் கிளப்பாமல். ரப்பர் குளிரில் சுருங்கியிருக்கும்போதுதான் தளர்ந்த கிளாம்ப் காட்டிக்கொடுக்கும். கீழ் ஹோஸ் கிளாம்பைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தது. துடைத்து இறுக்கினேன். அடுத்த வாரம் குறைவது பாதியானது. முடிந்தது என்று நினைத்தேன். அது பாதி உண்மைதான், கசிவு இரண்டு இடத்தில் இருந்திருக்கிறது.

பிறகு ஹெட் கேஸ்கெட் பயம். இன்ஜின் தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு அது. குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து கிளப்பி, ரேடியேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆரம்பத்தில் நாலைந்து குமிழி, அப்புறம் அமைதி. கேஸ்கெட் போயிருந்தால் குமிழி ஓயாது. புகையிலும் இனிப்பு வாடை இல்லை. எண்ணெய் மூடியின் அடியில் கொஞ்சம் ஏடு படிந்திருந்தது. எண்ணெயில் கூலண்ட் கலந்தால் தே தாரேக், அதாவது பால் தேநீர், நிறத்துக்கு வரும் என்பார்களே, வயிறு கலங்கிவிட்டது. ஆனால் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில் எண்ணெய் தெளிவாக இருந்தது. நம் ஊர் ஈரக்காற்றில், கடைக்கும் வீட்டுக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டினாலும் மூடியில் அப்படிப் படியும். அதை மட்டும் வைத்து இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு, பவுடர். அடிப்பாகம் முழுவதையும் கழுவி, காயவிட்டு, அம்மாவின் முகப்பவுடரைக் கிண்ணத்தில் கொட்டிப் பழைய பிரஷால் பூசினேன். இன்ஜின் மாவில் புரட்டியது போல வெளுத்துவிட்டது. லிந்தாங் சாலையில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தேன். வாட்டர் பம்பின் அடியிலிருந்து ஒரு நூல் அளவுக்கு ஈரக் கோடு, பவுடரைக் கரைத்துக்கொண்டு, காற்று தள்ளிய திசையில் பின்பக்கமாகப் போயிருந்தது. கோட்டின் தொடக்கத்தில் ஒரு கறுப்பு மரு. நகத்தால் கீறினேன், ரப்பர் மாதிரி வந்தது. சிலிகான் பசை.

பக்கத்து வீட்டு மாமா செம்பனை ஆலையில் பம்புகளைக் கவனித்தவர். குனிந்து பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

“யாருப்பா இதை அடைச்சது?”

“தெரியல மாமா. அப்பா காலத்துல எங்கயோ பட்டறையில அடைச்சிருப்பாங்க.”

“அடைக்கவே கூடாது. சீல் போச்சுன்னு சொல்றதுக்குத்தான் அந்த ஓட்டை.”

பம்புத் தண்டில் கசிவைத் தடுக்க இரண்டு சீல் உண்டு. கூலண்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், எண்ணெய்ப் பக்கம் ஆயில் சீல். நடுவே சிறு இடைவெளி, அங்கிருந்து கீழே இந்தக் கசிவுத் துளை. துளையில் கூலண்ட் வந்தால் முதலாவது தேய்ந்துவிட்டது, எண்ணெய் வந்தால் இரண்டாவது. துளையை அடைத்தால் கூலண்ட் நடுவில் தேங்கி, ஆயில் சீலையும் தாண்டி எண்ணெய்க்குள் போய்விடும். பசை ஓரத்தில் விட்டுக்கொடுத்ததால் என் இன்ஜின் பிழைத்தது. மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்தேன். பத்து எண்ணுவதற்குள் பச்சையாக ஒரு சொட்டு தொங்கியது. இரண்டு வாரம் தேடியது கண்ணெதிரே நின்றது.

சீல் இரண்டும், ஓ-ரிங்கும் 38 வெள்ளி. ஒன்றை மட்டும் மாற்றுவது வீண்வேலை, பிரித்த கையோடு இரண்டையும் மாற்றிவிட வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை சாதாரணமாகவே 107 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கொதிக்கும், மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். சூட்டில் மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் விட்ட நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

வடித்த கூலண்டை மூடி போட்ட வாளியில் வைத்தேன். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும். எங்கள் வரிசையில் நாய்கள் அதிகம்.

பழைய சீலின் கரி வளையத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். உரசும் முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல். வழியில் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். அதிலுள்ள உப்பு இதற்கு ஆகாது. தண்டை நகத்தால் தடவினேன், பள்ளம் தட்டவில்லை. புது சீலின் முகத்தில் விரல் படாமல், ஓரத்தில் மட்டும் அமரும் சாக்கெட்டை வைத்து நேராக அழுத்தினேன். இரண்டு முகத்திலும் கூலண்ட் தொட்டு நனைத்தேன், காய்ந்து ஓடினால் முதல் நாளே தேய்ந்துவிடும்.

காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். குமிழி நின்றதும் மூடினேன்.

மூன்று வாரத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியாகிவிட்டது. நேற்றுக் காலையும் கூலண்ட் மேல்கோட்டில்தான் இருந்தது. குனிந்து துளையை விரலால் தடவினேன். ஈரம் இல்லை.