உப்புக் காற்றில் ஒரு மௌனக் கூடம்

1779-இல் இங்கிலாந்தில் தொடங்கிய அக்வொர்த் போன்ற, மௌனமாக வழிபடும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களின் விடுதிப் பள்ளிகளில் மௌன வழிபாட்டுக்கென்று ஓர் இடம் இருக்கும். பீடம் கிடையாது, பெஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கும். அப்படியொரு கூடத்தை ராமநாதபுரம் கடற்கரையில் 100 பிள்ளைகளுக்குக் கட்டுவதென்றால் 36 அடிச் சதுரம் போதும்.

கூரைக்குத் தகரம் வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் தகரத்தின் கீழே உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, மௌனம் எங்கே நிற்கும்? கான்கிரீட் தளம் போட்டு மேலே தட்டை ஓடு பதியுங்கள். ஃபேன் சத்தமும் தேவையில்லை. ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான், மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை என்று காற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வையுங்கள், அடிமட்டம் 2 அடியில் இருக்கட்டும். உட்கார்ந்திருக்கும் பிள்ளை மேல் காற்று படவேண்டும். கீலுக்குப் பித்தளை. இரும்புக் கீல் துருவேறிக் கிரீச்சிடும்.

அந்தக் காற்றுதான் உப்பையும் கொண்டுவருகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி கடலோரத்துக்குக் குறைந்தது எம்30 வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். கடல்நீர்ச் சாரலே படும் இடத்தில் எம்35, 50 மி.மீ. தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45 தாண்டக்கூடாது, அதாவது 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 22 லிட்டர். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். போர் தண்ணீரைச் சோதிக்காமல் தொடாதீர்கள், கான்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங்குக்கும்தான்.

கவர் காகிதத்தில் சரியாக இருக்கும், பலகை அடித்து வார்க்கும் சென்ட்ரிங்கில்தான் கெடும். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தால் வைப்ரேட்டர் போட்டதும் நழுவும், கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்கை அதே கலவையில் முன்கூட்டியே வார்த்து, நனைத்து வையுங்கள். கட்டுக்கம்பியின் வால்களை உள்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். வால் பலகையைத் தொட்டிருந்தால், பலகை பிரித்த சில மாதங்களில் தளத்தின் அடியில் வரிசையாகத் துருப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் உப்பு நுழைய ஒரு வாசல். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் பிளந்து பாளமாக விழும்.

இன்னொன்று: 'பின்னால் மாடி எடுக்கலாம்' என்று தூண் கம்பிகளை வானத்தைப் பார்த்து நீட்டிவிடும் பழக்கம். கடலோரத்தில் அது தூணுக்குள் துருவை இறக்கிவிடும் வேலை. மாடி உறுதியில்லையென்றால் நீட்டாதீர்கள். நீட்டித்தான் ஆகவேண்டுமென்றால் சிமெண்ட் பால் பூசி, சிமெண்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட் கலவையால் முழுக்க மூடி வையுங்கள். மாடி எடுக்கும்போது உடைத்துக்கொள்ளலாம்.