ஹெப் இறுதித் தேர்வு: செய்முறையில் நான் தோற்றதும் தேறியதும்

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. எழுத்துத் தேர்வில் 3, செய்முறையில் 2, கொலோக்வியத்தில் (வாய்மொழித் தேர்வு) 2. ஜெர்மனியில் 1 தான் சிறந்த மதிப்பெண், 5 என்றால் தோல்வி. தாளைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டேன். பஃப்டியாக (அரசின் தன்னார்வச் சேவை) ஒரு வருடம், வேலை பார்த்தபடியே ஹெப் படிப்பு (மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைநிற்கும் பராமரிப்புத் தொழிற்படிப்பு) 3 வருடம், நான்கு வருடமும் ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரே வோன்குரூப்பேயில் (மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து வாழும் குழு இல்லம்). விசா, பி2 (ஜெர்மன் மொழித் தேர்ச்சி நிலை), விண்ணப்பம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தேர்வு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதற்கு உங்கள் பள்ளியில் கொடுத்த தாளைப் பாருங்கள். நான் எழுதுவது செய்முறையைப் பற்றி மட்டும். நான் அடிபட்ட இடம் அது.

இரண்டாம் வருடம், ஆசிரியை பார்வைக்கு வந்த நாள். டவுன் சின்ட்ரோம் உள்ள, அறுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர் காலையில் தன் ரொட்டிக்குத் தானே வெண்ணெய் தடவ வேண்டும், இதுதான் நான் எழுதிக் கொடுத்த திட்டம். கத்தியை எடுத்தார். கை அப்படியே நின்றுவிட்டது. மூலையில் ஆசிரியை எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியை வாங்கி நானே தடவி, க்ஸேல்ஸும் வைத்து (இந்தப் பக்கத்து ஸ்வாபியர்கள் ஜாமை அப்படித்தான் சொல்வார்கள்) தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். நன்றாக முடிந்தது என்றே நினைத்தேன். மதிப்பெண் 5 வந்தது.

"அவர் கை எவ்வளவு நேரம் நின்றது?" என்று கேட்டார் ஆசிரியை. இரண்டு நிமிடம் இருக்கும் என்றேன். அவர் கடிகாரம் பார்த்துக் குறித்திருந்தது 9 நொடி.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "கேக்குறதுக்கு முன்னாடி வைக்கிறதுதானேடி உபசாரம்" என்றார். பந்திக்கு அது சரி. இலை காலியாகும் முன்பே சோறு வைத்துப் பழகிய கை என்னுடையது. ஆனால் சின்ன வயதிலிருந்தே விடுதிகளில் வளர்ந்த அந்தப் பெரியவருக்கு எல்லோரும் இப்படியே வைத்துவைத்து, கத்தி பிடிக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அவர் கையிலிருந்து அதை நானும் ஒருமுறை பிடுங்கியிருக்கிறேன். இது உறைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பிறகு நான் மாற்றிக்கொண்டவை:

- கையை மடியில் வைத்துக்கொண்டு மனசுக்குள் தமிழில் முப்பது வரை எண்ணுவது. வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். திட்டத்திலேயே "காத்திருப்பு 30 நொடி" என்று எழுதிவிடுங்கள்.
- எண்ணி முடித்த பிறகும் உதவி வேண்டுமென்றால் பார்வை, ஒரு சொல், படச்சீட்டு, சைகை என்று ஒவ்வொன்றாக. அவர் கைமேல் கை வைப்பது கடைசியில்.
- டாக்குவில் (தினசரிப் பராமரிப்புக் குறிப்பேடு) "கோபமாக இருந்தார்" என்று எழுதாதீர்கள். "தட்டைத் தள்ளினார், எழுந்தார், கதவைச் சாத்தினார்" என்று எழுதுங்கள்.
- கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. அதிகாலை 4 மணிக்கு எழுந்து தனியாக, வாய்விட்டுப் படித்தேன்.

டாக்கு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி2 வைத்திருந்தாலும் வட்டார வழக்கு காலை வாரும். ஒரு அம்மா ராத்திரி "டெப்பிஹ்" கேட்டார். நான் தரையில் விரிப்பைத் தேடினேன். ஸ்வாபிய வழக்கில் அது போர்வை. "ஃபூஸ் வலிக்கிறது" என்றால் பாதம் என்று எழுதிவிடாதீர்கள். நம் "கால்" போலவே அங்கே அது இடுப்பிலிருந்து விரல் வரைக்கும். எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லி, காட்டிய இடத்தை எழுதுங்கள். நீங்கள் பாதம் என்று எழுதினால் மருத்துவர் பாதத்தைத்தான் பார்ப்பார்.

ஸ்வாபிய மலைப்பகுதியில் இருக்கும் கிராஃபெனெக் நினைவிடத்துக்குத் தேர்வுக்கு முன் ஒருமுறையாவது போய் வாருங்கள். 1940-ல், ஒரே வருடத்துக்குள், 10,654 பேரை நாஜிகள் அங்கே நச்சுவாயு வைத்துக் கொன்றார்கள். மனநோயாளிகள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். என்ன நோய், எத்தனை வருடமாக விடுதியில், என்ன வேலை செய்வார் என்று கேட்கும் ஒரு படிவம். ஆளை நேரில் பார்க்காமலே அந்தத் தாளை வைத்து முடிவு செய்தார்கள். அதைப் படித்துவிட்டு வந்தபின் ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதுவதென்றாலும் நான் இரண்டு முறை யோசிக்கிறேன். அதே கிராஃபெனெக்கில் இன்றும் மாற்றுத்திறனாளிகள் குடியிருக்கிறார்கள்.

இறுதிச் செய்முறைக்கும் அதே பெரியவரையே, அவர் சம்மதத்தோடு, எடுத்தேன். அதே ரொட்டி, அதே கத்தி. தேர்வாளர்கள் இரண்டு பேர். நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்திரண்டில் கத்தியைக் கீழே வைத்தார், எழுந்தார், தோட்டத்துக்குப் போய்விட்டார். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடவில்லை.

ரிஃப்ளெக்ஷியோனில் (செய்ததைப் பற்றி நாமே தேர்வாளர்களிடம் அலசிச் சொல்லும் பகுதி) நடந்ததை உள்ளபடி சொன்னேன்: இலக்கு நிறைவேறவில்லை. முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை என்று டாக்குவில் இருந்தது, அதைப் பார்த்தே நான் நேரத்தைத் தள்ளிவைத்திருக்க வேண்டும். இன்று வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார், அதை நான் தடுக்கவில்லை. அவர்கள் பார்ப்பது ரொட்டியில் வெண்ணெய் ஏறியதா என்பதை அல்ல. நீங்கள் ஏன் செய்தீர்கள், ஏன் செய்யாமல் விட்டீர்கள் என்பதைத்தான். அதற்குத்தான் அந்த 2.

பெரியவர் பத்து மணிக்கு உள்ளே வந்தார். கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, தானே உரித்துச் சாப்பிட்டார்.