முந்நூறுக்கு ஒன்று குறைவு

தண்டையார்பேட்டையில் மானிட்டர், யூபிஎஸ் சர்வீஸ் பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. ஓடுகிற நிலையில் உள்ள பழைய மானிட்டரைக் காயலான் கடைக்குப் போட எனக்கு மனம் வராது. பரணில் ஏற்றி வைத்துவிடுவேன். அது தெரிந்துதான் காசிமேட்டுப் பக்கம் பையன்களுக்கு பாக்சிங் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் வந்தார்.

"ரவுண்டு மூணு நிமிஷம், ரெஸ்ட்டு ஒரு நிமிஷம். நம்பர் பெருசா தெரியணும் தம்பி. வாட்ச்ச பாத்துக்கினே பசங்க காலையும் பாக்க முடியல."

அவரிடம் வாங்கும் காசுக்கு ஒரு கம்ப்யூட்டரே வைக்க முடியாது. பரணில் 17 அங்குல எல்சிடி மானிட்டர் ஒன்று இருந்தது, பழைய வகை விஜிஏ கேபிள் இணைப்பு மட்டும் உள்ளது. மேஜையில் ஆர்டுயினோ ஊனோ ஒன்று கிடந்தது, நாமே புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டு அது. இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

ஒயரிங் பெரிய வேலை இல்லை. கேபிளை வெட்டி, 13, 14 பின்களுக்கு சிங்க் சிக்னல் இரண்டு, கோடும் படமும் எப்போது தொடங்குகிறது என்று மானிட்டருக்குச் சொல்பவை. பச்சை நிறத்துக்கான 2ஆம் பின்னில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மானிட்டருக்குள் 75 ஓம் இருப்பதால் போர்டிலிருந்து வரும் 5 வோல்ட் அங்கே 0.7 வோல்ட்டாக இறங்கிவிடும். அவ்வளவுதான்.

கஷ்டம் நேரக்கணக்கில்தான். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த இந்த விஜிஏ முறையில் ஒரு கோடு வரைய 31.78 மைக்ரோ செகண்ட். ஒரு முழுப் படத்துக்கு 525 கோடுகள், அதில் 480 மட்டும் கண்ணுக்குத் தெரியும். ஊனோவில் இருக்கும் அட்மெகா 328பி சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது செகண்டுக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் கிளாக் துடிப்பு. ஒரு கோட்டுக்கு 508 கிளாக் துடிப்பு கிடைக்கும். படத்தை முழுசாக எழுதி வைக்க இடம் கிடையாது, மெமரி மொத்தமே 2 கிலோபைட். ஆகவே ஒவ்வொரு கோட்டையும் அது வரும் நேரத்தில் அப்போதைக்கப்போது வரைந்துகொண்டே போக வேண்டும்.

முதல் நாள் '3:00' என்று வந்தது. சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எண்களுக்குள்ளே அங்கங்கே ஒரு கோடு வலதுபக்கம் எகிறிப் போனது, அது நிற்காமல் இடம் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன். கடற்கரை ஓரக் கடையில் கனெக்டர் பச்சை பூப்பது எனக்குப் பழகிய விஷயம். சுத்தம் செய்து பார்த்தேன், பிறகு வேறு கேபிள் போட்டேன். அப்புறம் புரோகிராமில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். இரண்டு ராத்திரி அதிலேயே போனது.

சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் எங்கள் கடையில் கிடையாது. மூன்றாம் நாள் போனை எடுத்து ஸ்லோமோஷனில் திரையைப் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எகிறிய கோடுகள் இஷ்டத்துக்கு வரவில்லை. சுமார் 32 கோட்டுக்கு ஒன்று, ஒரு படத்தில் பதினான்கோ பதினைந்தோ. 32 கோடு என்றால் ஏறக்குறைய 1,020 மைக்ரோ செகண்ட். அந்த எண்ணைத் தாளில் எழுதியதும் பிடிபட்டுவிட்டது. ஆர்டுயினோ தன் கடிகாரத்துக்காக 1,024 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை தானாகவே ஒரு இன்டரப்ட் ஓட்டும், அதாவது ஓடும் வேலையை நிறுத்திவைத்து வேறொரு சின்ன வேலையைச் செய்யும். சிப்புக்குள் இருக்கும் டைமர் 0 செய்யும் வேலை அது. நான் வரையும் கோட்டுக்கு நடுவே அது நுழைந்துகொண்டிருந்தது. ஒரே வரியில் அதை நிறுத்தினேன். கோடுகள் அடங்கின.

முழுசாக அடங்கவில்லை. எண்ணின் இடது விளிம்பு மட்டும் காற்றில் வேட்டி ஓரம் மாதிரி படபடத்தது. ரொம்பச் சின்ன அசைவு, ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது, விட்டிருக்கலாம். எனக்கு விட முடியவில்லை. இந்தத் திரையின் அகலத்தில் ஒரு கிளாக் துடிப்பு என்பது 0.8 மில்லிமீட்டர் சொச்சம். அதாவது சிப் ஒரு துடிப்போ இரண்டு துடிப்போ தாமதமாக வருகிறது. கையிலிருக்கும் கட்டளையை முடித்த பிறகுதான் அது இன்டரப்ட்டுக்குப் போகும். அந்தக் கட்டளை ஒரு துடிப்பிலும் முடியலாம், நாலு துடிப்பும் எடுக்கலாம். வேலை செய்துகொண்டிருப்பவனைக் கூப்பிட்டால் கைவேலையைப் பொறுத்துத்தானே எழுந்து வருவான்? தூங்க வைத்துவிட்டால் எழுப்பும்போது எப்போதும் ஒரே நேரம்தான் ஆகும். கண்ணுக்குத் தெரியும் 480 கோடு முடியும்வரை, ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிப்பைத் தூங்கவிட்டேன். எண்ணை மாற்றும் வேலையெல்லாம் மிச்சமுள்ள 45 கோட்டு இடைவெளியில். அதில் 1.4 மில்லி செகண்ட் கிடைக்கிறது, தாராளம். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரவுண்டு முடிந்ததும் அடிக்கும் மணியோடு கொண்டுபோய் மாட்டினேன். ஒரு வாரம் கழித்து மாஸ்டர் போன் செய்தார்.

"படம் சூப்பரா கீதுப்பா. ஆனா மணி லேட்டா அடிக்குது."

"எவ்ளோ மாஸ்டர்?"

"ரவுண்டுக்கு அரை செகண்ட் இருக்கும்."

கை ஸ்டாப்வாட்ச்சை வைத்து அரை செகண்டைக் கண்டுபிடித்திருக்கிறார். அவருடைய தொழிலே அந்த அரை செகண்டில்தான் இருக்கிறது, எனக்குத்தான் அதுவரை உறைக்கவில்லை. ஆர்டுயினோவின் கடிகாரத்தை நானே நிறுத்திவிட்டதால், 60 படத்துக்கு ஒரு செகண்ட் என்று எண்ண வைத்திருந்தேன். ஊனோவில் அந்தச் சிப்புக்குத் துடிப்பு கொடுப்பது துல்லியமான கிறிஸ்டல் அல்ல, அந்த அளவு துல்லியம் இல்லாத செராமிக் ரெசனேட்டர். அதில் அரை சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். திரைக்கு அது ஒன்றுமே இல்லை, மானிட்டர் அனுசரித்துப் போய்விடும். ஆனால் மூன்று நிமிஷ ரவுண்டில் அரை சதவீதம் என்றால் 0.9 செகண்ட்.

சாயங்காலம் ராயபுரம் வழியாக அங்கே போய், பையன்கள் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருக்க, போனையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். திரை இரண்டு செகண்ட் பின்தங்கியது. கணக்குப் போட்டால் 5 செகண்டுக்கு 300 படம் அல்ல, 299. புரோகிராமில் அந்த ஒன்றைக் குறைத்தேன். அடுத்த ரவுண்டு முடியும்போது மாஸ்டர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார், மணியும் அடித்தது. அவர் வாட்ச்சை ஒருமுறை பார்த்துவிட்டு, "கிளவுஸ கழட்டாதீங்கடா, இன்னொரு ரவுண்டு" என்று பையன்களைப் பார்த்துச் சொன்னார்.

பெண் பிள்ளைகள் பயிற்சி செய்யும் இடத்துக்கு இன்னொன்று வேண்டும் என்று அவரே அடுத்த மாதம் கேட்டார். அதே புரோகிராம், வேறு போர்டு. அதற்கு 299 பொருந்தவில்லை. மறுபடியும் போனைப் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன்.