வெட்சி சூடியவர்

கூரியர் கொடுக்க வந்த பையன் வாசலில் நின்றபடி, "இது என்ன கீரை சார்?" என்று கேட்டான். நான்கடி உயரத்துக்கு இலை பளபளக்க நின்றது அடுக்குச் செம்பருத்தி. நர்சரியில் 150 ரூபாய் கொடுத்து வாங்கிய அன்று அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ இருந்தது. செம்பருத்திப் பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தானே, மறுநாள் சுருண்டு விழுந்தது. அப்புறம் 8 மாதமாக வெறும் இலைதான். பையனைச் சொல்லிக் குற்றமில்லை.

எங்கள் வீடு தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தெருவில் இருக்கிறது. வாசலை ஒட்டி நான்கடி அகலத்துக்கு மண், அதைச் சுற்றி இடுப்பளவு மதில். அதற்குள் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, ஓரமாக அரளி. அரளி வைத்ததில் ஒரு ராஜதந்திரம் உண்டு. நெடுஞ்சாலையின் நடுவில் வரிசையாக அரளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செடி முழுக்க விஷம் என்பதால் மாடு வாய் வைக்காது. எங்கள் தெருவிலும் மாடுகள் மேய்கின்றன, ஆடுகளும் உண்டு. நான்கு கால் உள்ள எல்லாவற்றையும் யோசித்துத்தான் தோட்டம் போட்டேன்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் தண்ணீர் ஊற்றும்போது மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். முதல் நாளே திருத்தம் சொன்னார்.

"இட்லிப்பூங்கறது நாம வச்ச பேரு தம்பி. இதுதான் வெட்சி. சங்க காலத்துல எதிரி நாட்டு மாட்டை ஓட்டிக்கிட்டு வரப் போறவன் தலையில சூடிட்டுப் போவான். மீட்க வர்றவன் சூடறது கரந்தை. திருட்டுக்கே யூனிஃபார்ம் வச்ச இனம் நாம."

அந்த வெட்சி அப்போது மஞ்சள் காமாலை கண்டது போல இருந்தது. இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக. நான் யூரியா போடலாம் என்றிருந்தேன். அவர் தடுத்துவிட்டார். போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு ஏறின மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பை வாங்கி லிட்டருக்கு 2 கிராம் கரைத்து இலையில் தெளியுங்கள் என்றார். தெளித்தேன். வாசல் டைல்ஸில் சிந்தியது துருக்கறையாக ஒட்டிக்கொண்டது. இன்றுவரை போகவில்லை, அதைப் பற்றி வீட்டில் எழும் பேச்சும் ஓயவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் புதுத் துளிர் பச்சையாக வந்தது. அன்றிலிருந்து அவர் சொல்லே எனக்கு வேதம்.

செம்பருத்தியை ஒப்படைத்தேன். "புதுக் கிளையிலதான் மொட்டு வைக்கும். மூணுல ஒரு பங்கு வெட்டுங்க" என்றார். வெட்டினேன். பென்சில் கனத்தில் ஏழெட்டு குச்சிகள் விழுந்தன. "குப்பை வண்டிக்காரருக்கு எதுக்குக் கூடுதல் வேலை? நானே போட்டுடறேன்" என்று அவரே அள்ளிக்கொண்டு போனார். எவ்வளவு நல்ல மனுஷன்!

அடுத்த மருந்து மீன் அமிலம். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை, மூடி போட்டு 21 நாள். அவர் சுத்த சைவம். "நீங்களா சார் இதைச் சொல்றீங்க?" என்றேன். "நான்தான் சைவம் தம்பி. செடி எப்போ சொல்லுச்சு?" என்றார்.

மார்க்கெட்டில் மீன் கழிவைக் கேட்டபோது கடைக்கார அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, இரண்டு மத்தி மீனையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். டப்பாவை மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைத்தேன். 21 நாள் கழித்துத் திறந்தபோது அவ்வளவு மோசமான வாடை இல்லை. பழ வாடை மாதிரி இருக்கும் என்றார்கள். எந்தப் பழம் என்று சொல்லவில்லை. லிட்டருக்கு 5 மில்லி கலந்து ஊற்றிய அன்று இரவே தெருப் பூனைகள் ஆறும் செம்பருத்திக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்துவிட்டன. சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை, மீன் வரும் என்று செடியையே பார்த்துக்கொண்டிருந்தன. நானும் அவற்றோடு உட்கார்ந்து அதே செடியைப் பூவுக்காகப் பார்த்தேன். ஏழு பேருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் மாவுப்பூச்சி வேறு. நுனியெல்லாம் வெள்ளைப் பஞ்சு, அதன் மேல் எறும்பு ஊர்வலம். பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்துக் கிளைக்குக் கிளை தூக்கிக்கொண்டும் போகுமாம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் அடித்தேன். இந்தக் கூட்டத்தில் பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒன்று 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் தின்றது. கடைசியில் 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டு வந்து விட்டுத்தான் அடக்கினார்கள். அது பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்துக் காரியத்தை முடிக்கும். எல்லாத் திருட்டுக்கும் இப்படி ஒரு குளவி கிடைத்தால் தேவலை.

இப்போது யோசித்தால் தடயங்கள் கண் முன்னேதான் இருந்திருக்கின்றன. நந்தியாவட்டையில் கை எட்டாத உச்சிக் கிளையில் மட்டும் நான்கு பூ இருக்கும். மேலே வெயில் அதிகம் படுகிறது என்று நினைத்தேன். ஒரு நாள் என் மனைவி, "எதிர்வீட்டம்மா சாமிக்கு வைக்கச் சொல்லி ஒரு செம்பருத்தி குடுத்தாங்க, எவ்வளவு பெருசு பாருங்க. அவங்க வீட்டு வாசல்ல ஒரு செடி இல்லை, மனசு இருக்கு" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. இன்னொரு நாள் பெரியவரே, "மீன் அமிலம் விட்டப்புறம் மொட்டு நல்லாப் பெருத்திருக்கு இல்லே?" என்றார். நான் மொட்டையே பார்த்ததில்லை. உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் நர்சரிக்காரரிடம் போய் நின்றேன்.

"கீழ மொட்டு கொட்டிக் கிடக்குதா?"

"இல்லையே."

"தானா உதிர்ந்தா மஞ்சளடிச்சுத் தரையில கிடக்கும் சார். செடியில காம்பு நிக்குதா?"

"பாதிக் காம்பு நிக்குது."

"அது நோய் இல்லை சார். அது ஆள்."

நான் காலை 7 மணிக்குக் கிளம்பினால் இரவு 8:30-க்குத்தான் வீடு. என் மனைவிக்கு மாலையில் டியூஷன் பிள்ளைகளோடு உள் அறையில்தான் பொழுது. ஒரு வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, வராந்தா விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். 6:40-க்கு எதிர்வீட்டுக் கேட் திறந்தது. வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பை. மதிலுக்கு மேல் கையை நீட்டி, கீரைக்காரி கட்டு எடுப்பது போல நிதானமாகப் பறிக்க ஆரம்பித்தார். நான் தொண்டையைக் கனைத்தேன்.

அவர் திரும்பவே இல்லை. "கிழக்குக் கிளையில மறுபடி மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடிச்சு எத்தனை நாளாச்சு?"

"பத்து நாள் சார்."

"வாரம் ஒரு தடவை அடிக்கணும்னு சொன்னேனில்ல?"

"ஆபீஸ்ல கொஞ்சம் வேலை சார்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான், கேள்வி கேட்க வேண்டியவன் நான் என்பது ஞாபகம் வந்தது. "சார், அது எங்க வீட்டு மொட்டு."

"தெரியும் தம்பி. இல்லைன்னா இத்தனை பாடுபட்டு வைத்தியம் சொல்வேனா?"

ஏன் மொட்டாகப் பறிக்கிறார் என்பதற்கும் விளக்கம் இருந்தது. அந்தியில் பறித்துத் தாம்பாளத்தில் வைத்தால் போதும், தண்ணீர்கூட வேண்டாம், காலையில் தானாக விரியும். விடிந்து வந்து பறிக்கலாம்தான். "ஆனா வாக்கிங் போறவங்க முந்திக்கிறாங்க. அடுத்தவங்க செடியில கை வைக்கிறாங்க தம்பி, என்ன அக்கிரமம்!"

"மீன் அமிலம் விட்ட செடியாச்சே, சாமிக்கு..."

"அதான் மஞ்சத் தண்ணியில ஒரு முக்கு முக்கிடறேன்."

அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பின் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒற்றைப்படைத் தேதி அவருக்கு, இரட்டைப்படை எங்களுக்கு. மாதம் 31-ல் முடிந்தால் அடுத்து 1-ம் தேதியும் அவருக்கே என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருந்தார். கிளம்பும்போது, "ஒரு கரந்தைச் செடி கிடைச்சா வாங்கி வைங்க தம்பி. அடுத்த தடவை மீட்க வரும்போது சூடிக்கலாம்" என்றார்.

போன மாதம் அவரும் அம்மாவும் கோலாலம்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார்கள். சாவியைக் கொடுத்து, "மாடியில ரெண்டு தொட்டி இருக்கு, தண்ணி மட்டும் ஊத்துங்க" என்றார். போய்ப் பார்த்தேன். 14 தொட்டிகள். என் அடுக்குச் செம்பருத்தி, என் வெட்சி, என் நந்தியாவட்டை. நான் வெட்டிப் போட்ட குச்சிகள் எல்லாம் இடுப்பளவு வளர்ந்து, வாடிய பூவும் பூத்த பூவும் நாளைக்குப் பூக்கும் மொட்டுமாக நின்றன. உடனே வீடியோ கால் போட்டேன்.

"சார், இவ்வளவு பூ இங்கேயே இருக்கே!"

"திருட்டுக் குச்சிதான் தம்பி வேர் பிடிக்கும். வாங்கி வச்சா வராது."

"அது சரி சார், அப்புறம் எதுக்கு எங்க வீட்டுல..."

"நம்ம செடியில பறிக்க மனசு வருமா?" என்றார். உண்மையாகவே வருத்தமாகக் கேட்டார். பிறகு கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. "இந்தத் தெரு பூரா செம்பருத்திதான். 1960-லேயே தேசிய மலர் ஆக்கிட்டாங்களாம். ஒருத்தர் பறிக்கறதில்லை தம்பி! அத்தனையும் வீணாப் போகுது. மாப்பிள்ளை என்னைத் தனியா வெளியே விடமாட்டேங்கறார்."

"உடம்பைப் பார்த்துக்கங்க சார். நான் தண்ணி ஊத்திடறேன்" என்று போனை வைத்தேன். மணி 6:40. பக்கத்து மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. அன்றைக்கு ஒற்றைப்படைத் தேதிதான். லுங்கியை மடி மாதிரி தூக்கிக் கட்டிக்கொண்டு, கிழக்கோரத் தொட்டியிலிருந்து ஆரம்பித்தேன்.