புறம் என்றால் யாருக்குப் புறம்?

காலேஜில் எகனாமிக்ஸ் படிக்கும் அக்கா மகள் போன வாரம் போனில் கேட்டாள், "புறவிளைவுன்னா என்னங்க மாமா?"

இரண்டு பேர் கொடுக்கல் வாங்கலில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆளுக்கு வரும் லாபமோ நஷ்டமோ, விலையில் சேராமல் போவது. பாடப்புத்தக விளக்கம் சரிதான். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்புச்சி தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிதான் கண்ணில் நிற்கிறது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் எருமை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும், தொட்டி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், நகத்தால் சுரண்டினால் பொறுக்காக உதிரும்.

திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் வந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய காலம் அது. பனியனை விற்றவர் கணக்கிலும் அந்த உப்பு இல்லை, வாங்கியவர் கணக்கிலும் இல்லை. அப்புச்சி கணக்கில் இருந்தது.

கெடுப்பவர் மேல் அந்தச் செலவை வரியாகப் போடலாம் என்ற வழியை பொருளாதார அறிஞர் பிகு 1920இல் சொன்னார். பேரம் பேச செலவில்லாமல், உரிமை யாருக்கென்று தெளிவாக இருந்தால் இருதரப்பும் பேசியே தீர்த்துக்கொள்ளலாம் என்று 1960இல் இன்னொரு பொருளாதார அறிஞர் கோஸ் எழுதினார். நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளோடு ஒரு குடியானவர் எங்கே போய்ப் பேசுவார்? 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

தத்துவத்தில் புறம் என்றால் மனதுக்கு வெளியே இருக்கும் உலகம். அதைவிட நம் ஊர்ச் சொல்லே எனக்கு நெருக்கமாகப் படுகிறது: புறம்போக்கு. ரெவின்யூ கணக்கில் ஆறு புறம்போக்கு, யார் பட்டாவிலும் இல்லை. ஆனால் ஆற்றை நம்பிக் கிணறு வெட்டியவருக்கு அது வெளியே இருந்ததே இல்லை. கோட்டைப் போட்டவர் ஒருவர், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர் இன்னொருவர், அவரை யாரும் கேட்கவே இல்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்.

"அப்ப நல்லது வந்தாலும் புறவிளைவுதானுங்களா?" என்றாள். ஆமாம் சாமி. கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் போடலாமா கூடாதா என்று விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து நிற்பது அதனால்தான். கடைமடைக்காரருக்குக் கசிவு நஷ்டம், வாய்க்கால் ஓரத்துக் கிணற்றுக்காரருக்கு அதுதான் ஊற்று. வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு பெரியப்பா கிணற்றில் எத்தனை படி முங்கியிருக்கிறது என்று தினமும் காலையில் எட்டிப் பார்த்து எண்ணியிருக்கிறேன்.