நிலவறையில் ஒரு நாற்றுமேடை

எங்கள் வீட்டு மேல்மாடிக் குளியலறையில் இப்போது யாரும் குளிக்க முடியாது. தொட்டி நிறையத் தேங்காய்த் தும்புத்தூள் ஊறிக்கொண்டிருக்கிறது. மகன் 5 கிலோக் கட்டி ஒன்றை வாங்கிவந்து வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். அது ஊதி, வாளியை நிறைத்து, பக்கத்து வாளியையும் நிறைத்து, கடைசியில் என் பெரிய சோற்றுப் பானையில் கண் வைத்தபோது நான் சத்தம் போட்டேன். அதனால் தொட்டிக்குக் குடிபெயர்ந்தது. ஊறினால் 70 லீற்றர் அளவில் வரும் என்று உறையிலேயே போட்டிருக்கிறது. நாள் முழுக்கக் கணினியை வாசிக்கிற பிள்ளைக்கு உறையை வாசிக்க நேரமில்லை.

உறையை வாசித்தது என் அப்பாதான். அவர் வாசித்ததும் ஒரே ஒரு வரி: இலங்கை உற்பத்தி.

"தும்பு மில்லுக்குப் பின்னால கும்பி கும்பியாக் கிடக்கும். அள்ளிக்கொண்டு போனால் மில்காரன் சந்தோசப்படுவான். அதை இவன் டொலர் குடுத்து வாங்கி வந்திருக்கிறான்." இதை மொன்றியலுக்கு ஒருமுறை, லண்டனுக்கு ஒருமுறை போன் எடுத்துச் சொன்னார். லண்டனில் அப்போது நடுச்சாமம்.

இவ்வளவும் தொடங்கியது நாலு கஞ்சாக் கன்றால்.

2018 ஒக்ரோபர் 17 தொடக்கம் கனடாவில் அது சட்டப்படி சரி. ஒன்ராறியோவில் 19 வயதானவர் வீட்டில் வளர்க்கலாம், வீட்டுக்கு 4 செடி. மகன் இதையெல்லாம் தாளில் அச்சடித்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். எனக்கு அடுப்பில் கறி. இவர், என் வீட்டுக்காரர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்துவிட்டு, ஹைட்ரோ என்கிற கரண்ட் பில் எவ்வளவு கூடும் என்று மட்டும் கேட்டார். அப்பா, "நாலு மட்டுமோ?" என்று கேட்டார்.

நாலு விதை வாங்கிய காசுக்கு நான் ஒரு மூட்டை அரிசி வாங்கியிருப்பேன். அது போகட்டும். நிலவறையில் ஒரு கறுப்புக் கூடாரம் எழும்பியது. உள்ளே முழுக்க வெள்ளித்தாள். மேலே ஊதா வெளிச்சம் அடிக்கிற எல்ஈடி விளக்கு, கீழே சூடேற்றும் பாய், கன்றுகளுக்கு மேலே கண்ணாடி மூடி. வெப்பமும் ஈரப்பதமும் பார்த்து போனுக்குச் செய்தி அனுப்ப ஒரு கருவி வேறு. நான் அவனைப் பெற்றுக் கொண்டுவந்த குளிர்காலத்தில் எங்களுக்கு அப்பார்ட்மென்ட் ஹீற்றர்கூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. யாரும் எனக்குச் செய்தி அனுப்பவுமில்லை.

அந்தக் கருவியால் வந்த மானக்கேட்டைச் சொல்ல வேண்டும். மார்க்கம் நகரில் ஒரு சாமத்திய வீடு. பிள்ளை பல்லக்கில் இறங்குகிறாள், மண்டபம் முழுக்க அமைதி, இவன் போன் கத்துகிறது. ஈரப்பதம் 38 வீதமாம். முளைக்கு 65, 70 இருக்க வேண்டுமாம். ஃபர்னஸ் ஓடுகிற வீட்டில் எந்த உயிருக்குத்தான் 70 வீதம் கிடைக்கிறது, எங்கள் எல்லோருக்கும் உதடு வெடித்துத்தான் கிடக்கிறது. பிள்ளை மேடைக்கு ஏறுமுன்னே இவன் காரில் ஏறிவிட்டான். "தம்பிக்கு ஆஸ்பத்திரியில வேலையோ?" என்று பக்கத்து மேசையில் கேட்டார்கள். இவர் "ஓம், குழந்தைகள் பிரிவு" என்றார்.

இவ்வளவு பாடுபட்டும் கன்று தேறவில்லை. முளைத்ததும் கழுத்து நீண்டது. நூல் தண்டு, உச்சியில் இரண்டு வட்ட விதையிலை, அதற்கு நடுவில் ஓரம் பல் பல்லாக ஒரு சோடி இலை. அந்தப் புது இலைகளின் நுனி கருகிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் பார்த்தால் நாலில் ஒன்று படுத்துவிட்டது. வாடவில்லை, மஞ்சளாகவில்லை, மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு கசங்கி, அப்படியே சரிந்து கிடந்தது. மகன் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டான். என் மாமியார் செத்தபோது அரை நாள்தான் போட்டவன்.

அன்றைக்குத்தான் அப்பா நிலவறைக்கு இறங்கினார்.

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் கோயில் படிகூட ஏறுவதில்லை. போன மாரி முழுக்க முன் ஜன்னலோரம் இருந்து, யார் வீட்டு வாசலில் பனி தள்ளவில்லை என்று கணக்கெடுத்தார். இரவுச் சாப்பாட்டு நேரம் ஊருக்கு டிக்கெட் கேட்பார். அம்மா இல்லாத வீட்டுக்கு என்ன டிக்கெட் என்று நானும் பேச்சை மாற்றுவேன். அந்த மனிதர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, முதுகுப்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் கீழே நின்று கைகளை விரித்துக்கொண்டிருந்தேன். விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்திருப்போம், அது வேறு விஷயம்.

அப்பா வளர்ந்தது உரும்பிராய்ச் செம்மண்ணில், புகையிலைத் தோட்டத்துக்குள். புகையிலை விதை கண்ணுக்குத் தெரியாது. சாம்பலோடு கலந்துதான் மேடையில் தூவ வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டுப்பட்டுவிடும். அவருடைய ஐயா கிணற்றுத் துலாவில் நிற்க, இவர் பள்ளிக்கூடம் போகுமுன் மேடைக்குத் தண்ணீர் தெளிப்பாராம். கூடத் தெளித்தால் அடி. மறந்தால் அதைவிடக் குறைந்த அடி.

செத்த கன்றை அவர் இரண்டு விரலால் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். பிறகு ஆட்காட்டி விரலைத் தொட்டி மண்ணுக்குள் இரண்டாவது மூட்டுவரை விட்டு எடுத்து மணந்தார்.

"அடியழுகல். உனக்கு ஆர் சொன்னது விடியவும் பின்னேரமும் தண்ணி விடச் சொல்லி?"

மகன் போனைப் பார்த்து பித்தியம், ரைசொக்ரோனியா, ஃபியூசேரியம் என்று மூன்று கிருமியின் பேர் வாசித்தான்.

"பேரை விடு. தண்ணியை விடாதை."

அதற்குப் பிறகு நடந்தது ஆட்சி மாற்றம். கண்ணாடி மூடி பாதி திறந்தது. என் மேசை விசிறி கீழே போனது, நேரே அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற காற்று, இலை சும்மா ஆடினால் போதும், ஆடினால்தான் தண்டு உரக்குமாம். கூரையோடு தொங்கிய விளக்கை இறக்கச் சொன்னார். வெளிச்சம் எட்டாமல்தான் கழுத்து நீளுதாம். நீண்ட கழுத்தை விதையிலைக்குக் கீழே வரை மண் அணைத்து மூடி, பல்குத்தும் குச்சியால் முட்டுக் கொடுத்தார். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துப் பாரம் குறைந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் மேசைக்கரண்டியால், தண்டில் படாமல் ஓரத்தைச் சுற்றி. மகன் வாங்கி அடுக்கியிருந்த வண்ண வண்ணப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடினார். "பால் குடிக்கிற பிள்ளைக்கு நீ ஆட்டிறைச்சி தீத்துறாய்." விதையிலையிலேயே ஆரம்பச் சாப்பாடு இருக்கிறது, மண்ணிலும் கொஞ்சம் இருக்கிறது, மூன்றாம் சோடி இலை வரும்வரை ஒரு சொட்டு உரமும் கூடாது என்று கட்டளை.

மகன் ஒவ்வொன்றையும் இணையத்தில் தேடிச் சரிபார்த்தான். ஒவ்வொன்றும் சரி. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் அவன் வென்றான். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்தால் மருந்து பறந்துவிடும் என்றார் அப்பா. ரொறன்ரோவில் போடுவது வெறும் குளோரின் இல்லை, குளோரமின், அது ஓர் இரவில் போகாது என்றான் இவன். அப்பா யோசித்துவிட்டு, "அப்ப நாங்கள் ஏன் அதைக் குடிக்கிறம்?" என்று என்னைக் கேட்டார். குழாய்த் தண்ணீரால் கன்றுக்கு ஒன்றும் ஆகாது என்று மகன் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை நான் பூட்ஸ் போட்டு, இடியப்பச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, பின் வளவில், பக்கத்து வீட்டு நாய் போகாத பக்கமாகப் பார்த்துப் பனி அள்ளிக்கொண்டு நின்றேன். கன்றுக்குப் பனித் தண்ணீர். எனக்குக் குளோரமின்.

செத்ததற்குப் பதிலாகப் போட்ட விதை, மேலோடான கோதைத் தலையில் சுமந்தபடி முளைத்தது. உள்ளே விதையிலை இரண்டும் விரியமுடியாமல் மாட்டிக்கொண்டிருந்தன. மகன் நகத்தால் கிள்ளப் போனான். அப்பா கையைத் தட்டிவிட்டு, விரல் நுனியால் ஒரு துளி தண்ணீரை அந்தக் கோதில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். ஊறட்டுமாம். இன்னொரு துளி. இவனை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் இந்த நாட்டுக்கு வந்த கதை, விமான நிலையத்தில் என் சப்பாத்து அறுந்த கதை எல்லாம் சொன்னார். எனக்கே மறந்துபோன சப்பாத்து. பிறகு கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கோதைத் தொட்டார், அது தானாகக் கழன்று வந்தது. மகன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சாப்பிட வரவில்லை. நான் கூப்பிடவுமில்லை.

இந்தக் கதை இத்தோடு நிலவறைக்குள் நின்றிருந்தால் நான் இப்போது குளித்திருப்பேன். நிலவறை ஜன்னலால் அந்த ஊதா வெளிச்சம் தெருவுக்குத் தெரிந்தது. எதிர்வீட்டு மாமி வந்து, "கீழ சாமியறை போட்டிருக்கிறியளோ, இரவிரவா வெளிச்சம் தெரியுது" என்றா. இவர் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டார். இவருக்கு எதற்கும் ஓம்தான். மாமி வெள்ளிக்கிழமை பூவும் பழத்தட்டும் கொண்டு வந்துவிட்டா.

நான் சமையலறையில் வேர்த்துக்கொண்டு நிற்க, அப்பா நேரே சொன்னார்: "சாமி இல்லை பிள்ளை. கஞ்சா."

மாமி விழுந்து விழுந்து சிரித்தா. "ஐயாவுக்கு இப்பவும் பகிடிதான்." படி இறங்கி, கூடாரத்தைப் பார்த்து, நாலு கன்றையும் பார்த்து, அப்போதும் நம்பவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "ஐயா, என்ர மிளகாய்க் கன்றும் உப்பிடித்தான் அடி கசங்கி விழுகுது. என்ன செய்ய?"

மார்ச் மாதம் ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் ஜன்னலோரம் தயிர் டப்பாவுக்குள் மிளகாயும் கத்தரியும் தக்காளியும் முளைத்துக்கொண்டிருக்கும். மே மாதத்து விக்ரோரியா தினம் கழித்து, இனி உறைபனி வராது என்று தெரிந்த பிறகுதான் வெளியே நடலாம். அதுவரை அந்தக் கன்றுகள் ஜன்னலுக்கு ஜன்னல் வெயிலைத் தேடி அலைந்து, பாதி செத்துவிடும். மாமியின் தட்டு முதலில் வந்தது. பிறகு மாமியின் தங்கச்சியின் தட்டு. பிறகு யாரென்றே எனக்குத் தெரியாத ஒரு மனிதர், பாகல் கன்றோடு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே கீழே போகிறார். எனக்கு வணக்கம்கூட இல்லை. 18 மணிநேரம் எரிகிற விளக்குக்குக் கீழே இப்போது மிளகாயும் கத்தரியும் நெருங்கி நிற்க, மகனின் கன்றுகள் நாலும் ஒரு மூலையில், கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் நண்பர்கள் மாதிரி ஒதுங்கி நிற்கின்றன. ஆனால் நன்றாகத்தான் நிற்கின்றன. ஐந்து விரல் இலை வந்துவிட்டது. அவ்வளவு பேருடைய தொட்டிக்கும் மண் வேண்டும், அதற்குத்தான் 5 கிலோத் தும்பு. அதையும் சும்மா போடமுடியாதாம். உப்புப் போக அலசி, கல்சியம் மக்னீசியம் கலந்த தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் தொட்டிக்குப் போகலாமாம். ஊறட்டும், நான் வேலைக்கு உடம்பைத் துடைத்துக்கொண்டு போகிறேன்.

அழுகலோடு வந்த தட்டுகள் கொசு மாதிரிச் சின்னப் பூச்சிகளையும் கொண்டு வந்தன. மண் ஈரத்தில் பெருகுகிற கறுப்புப் பூச்சி. மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டுத்தாள் தொங்கவிட்டார்கள். அதில் பூச்சிகளும், இவருடைய மீசையில் கொஞ்சமும் அகப்பட்டன.

மொன்றியலில் இருந்து என் தம்பி போன் எடுத்து, ஒவ்வொரு கோடைக்கும் போலவே மே மாதம் அப்பாவை அனுப்பச் சொன்னான். அப்பா அவனிடம், உங்கட இடத்தில் எத்தனை செடி என்று கேட்டார். கியூபெக்கில் ஒன்றும் வளர்க்க முடியாது, அதை 2023 இல் உச்ச நீதிமன்றமும் சரியென்று சொல்லிவிட்டது என்று மகன் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். "பிறகு என்னத்துக்கு நான் அங்க வாறது?" என்று போனை என்னிடம் தந்துவிட்டு அப்பா கீழே போய்விட்டார். இப்போது முதுகுப்பக்கமாக இறங்குவதில்லை, முன்பக்கமாகத்தான். ஊருக்கு டிக்கெட் பேச்சும் எழவில்லை. நானாக எழுப்பப் போவதில்லை.

எனக்கு ஒரே ஒரு குறைதான். என் கறிவேப்பிலை. பத்து மாரி கண்ட மரம், ஜன்னலோரம் நின்றதை விளக்குக்கு இடம் வேண்டுமென்று படிக்கட்டின் கீழே தள்ளிவிட்டார்கள். இலைக்காம்பெல்லாம் செதில் பூச்சி ஏறி, தொட்டால் பிசுபிசுக்கிறது. நேற்று இரவு அப்பாவிடம் காட்டினேன். வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் கிழமை ஆட்கள் கூட, வாற கிழமை கீழே கொண்டுவா பாப்பம் என்றார்.

இந்த நாட்டில் ஸ்பெஷலிஸ்ற்றைப் பார்க்கக் காத்திருந்து எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவர்களில் ஒருவராவது என் புட்டையும் என் சம்பலையும் வாயில் வைத்துக்கொண்டு, அதுவும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, வாற கிழமை வா என்று சொன்னதில்லை.